ஸ்பெல்லோவுக்கு ஞாயிறு மதியம் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் ஸ்பெல்லோ நகரில் நடக்கும் மலர்க் கம்பளத் திருவிழாவைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த பயணக் கட்டுரை கண்டேன். படங்கள் அழகு. ஆனால் அதில் சொல்லியிருந்த பயண ஒழுங்கைத் திருத்தாமல் விட்டால், கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பல ஆயிரம் வெள்ளி செலவழித்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். ஞாயிறு காலை ரோமில் புறப்பட்டு, அசிசியில் மதிய உணவு முடித்து, மாலையில் ஸ்பெல்லோவில் பூக்கோலம் பார்க்கலாம் என்று கட்டுரை சொல்கிறது. ஞாயிறு மாலையில் அங்கே பார்க்க எஞ்சியிருப்பது மிதிபட்ட இதழ்களும் துடைப்பமும்தான். இங்குள்ள சில சுற்றுலாத் திட்டங்களும் இதே ஒழுங்கைத்தான் அச்சிட்டிருக்கின்றன என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இது பூக்கண்காட்சி அல்ல. கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவன்று நற்கருணைப் பவனி (கிறிஸ்துவின் உடலாகப் போற்றப்படும் அப்பத்தை ஏந்திச் செல்லும் ஊர்வலம்) வரும் பாதையில் விரிக்கும் விரிப்பு இது. 1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் ஓர்வியத்தோ நகரிலிருந்து வெளியிட்ட ஆணையால் இந்தப் பெருவிழா திருச்சபை முழுவதற்கும் பொதுவானது. ஓர்வியத்தோவும் ஸ்பெல்லோவைப் போல உம்ப்ரியா மாநிலத்து மலை நகர்தான். பூவிதழ்களால் தரையில் படம் வரையும் வழக்கம் பின்னால் வந்தது. 1625 ஜூன் 29 அன்று, புனித பேதுரு பவுல் திருநாளில், வத்திக்கானின் மலர் அலங்காரப் பொறுப்பாளர் பெனதெத்தோ த்ரேய் பேராலயத்தில் இப்படி அலங்கரித்ததைத் தொடக்கமாகச் சொல்வார்கள். ரோமில் அந்த வழக்கம் மங்கியது. சுற்றுவட்டாரத்து மலை ஊர்கள் பிடித்துக்கொண்டன. இத்தாலியர்கள் இதை ‘இன்ஃபியோராத்தா’ என்கிறார்கள். நம் வீட்டு வாசல் கோலம் வருகிறவர் காலடி பட்டுக் கலைவதற்காகவே போடப்படுவது போல, இந்தக் கம்பளமும் நற்கருணையை ஏந்தி வரும் ஆயரின் காலடி படுவதற்காகவே போடப்படுகிறது. பவனி முடிந்த பிறகு அதைத் தேடிப் போவதில் பொருளில்லை.

தேதிக் குழப்பம் இன்னொன்று. நாட்காட்டிகள் பலவும் இந்தப் பெருவிழாவை வியாழக்கிழமை என்று காட்டும். உயிர்ப்புப் பெருவிழாவிலிருந்து (ஈஸ்டர்) 60 நாள் கழித்து வரும் வியாழன் அது. இத்தாலியில் அதைத் தொடர்ந்து வரும் ஞாயிறுதான் கொண்டாட்டம். அதாவது உயிர்ப்பு ஞாயிறோடு 63 நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2027-இல் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28, ஆகவே ஸ்பெல்லோவின் பவனி மே 30. 2028-இல் உயிர்ப்பு ஏப்ரல் 16, பவனி ஜூன் 18. இரண்டு ஆண்டுக்கும் கிட்டத்தட்ட மூன்று வார வித்தியாசம். சென்ற ஆண்டு போனவர் சொன்ன தேதியை வைத்து விடுப்பு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது இரவுக்கு வருகிறேன். திருவிழா என்பதே சனிக்கிழமை இரவுதான். பகலிலேயே தெருக்களில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். மதியத்துக்குப் பிறகு ஒவ்வொரு குழுவும் தனக்கு ஒதுக்கிய இடத்தில் கூடாரம் கட்டி விளக்குத் தொங்கவிடும். ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் தெருவில் 60-க்கும் மேற்பட்ட படங்களும் கம்பளங்களும் ஒரே இரவில் எழும். பெரிய படத்துக்கு வரைபடத்தைத் தாளில் முழு அளவில் தீட்டித் தரையில் ஒட்டிக்கொள்வார்கள். தெரு சரிவானது, மேலும் கல் பாவியது. தாள் இல்லாவிட்டால் இதழ்கள் கல்லிடுக்கில் இறங்கிக் கோடு தப்பும். அதன்மேல் மண்டியிட்டு, அட்டைத் துண்டுகளை வரம்பாக வைத்து, நிறம் நிறமாக நிரப்புவார்கள். முகம், கை போன்ற நுணுக்கமான பகுதிகளுக்கு உலர்த்திப் பொடித்துச் சலித்த இதழ்கள். பின்புலத்துக்கும் ஓரத்துக்கும் உலர்த்தாத புது இதழ்களை அப்படியே தூவுவார்கள். நம் அரிசி மாவுக் கோலத்தில் விரலிடுக்கு செய்யும் வேலையை அங்கே சல்லடையும் சிறு கிண்ணமும் செய்கின்றன.

விதி கடுமையானது. இலை, பூ, தாவரப் பொருள் மட்டுமே. செயற்கைச் சாயம் கூடாது, மரத்தூளும் கூடாது. தீபாவளிக்கு நம் பேரங்காடிகளில் சாயம் தோய்த்த அரிசியால் போடும் கோலம் அங்கே குழுக்களுக்கிடையே நடக்கும் போட்டிக்கே எடுபடாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த நிறத்தையும் பாத்திரத்தில் கலக்கிக்கொள்ள முடியும் என்ற வசதி இல்லாதபோது வேலை எப்படி மாறுகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். மஞ்சளுக்குப் பஞ்சமில்லை. சுபாசியோ மலைச் சரிவு முழுக்க ஜினெஸ்த்ரா புதர் பூத்துக் கிடக்கும். உலர்ந்தாலும் நிறம் நிற்கும். சிவப்புக்குப் பாப்பி இருக்கிறது, ஆனால் அதன் இதழ் மெல்லிய தாள் போன்றது. பறித்துச் சில மணி நேரத்தில் சுருங்கிக் கருஞ்சிவப்பாகிவிடும். பச்சைக்குக் காட்டுச் சோம்பின் நுண்ணிலை. அதனால்தான் சில கம்பளங்களின் அருகே போனால் பெருஞ்சீரக வாசம் தூக்கும். நீலம்தான் தலைவலி. கோதுமை வயல் ஓரத்துக் கார்ன்ஃபிளவர் போன்ற ஓரிரு பூக்களை வசந்தம் தொடங்கியதிலிருந்து சேர்த்து உலர்த்தி வைத்தால்தான் மாதாவின் மேலாடைக்குப் போதும். பெரிய நீலப் பரப்பு உள்ள படத்தைப் பார்த்தால் அந்தக் குழு எத்தனை வாரம் வயலில் அலைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பூவைப் பறிப்பதை விட இதழைக் கிள்ளிப் பிரிப்பது நீண்ட வேலை. காம்பு, மகரந்தம், பச்சைப் பகுதி எதுவும் கலக்கக் கூடாது. கடைசி நாட்களில் ஸ்பெல்லோவின் நிலவறைகளிலும் கார் கொட்டகைகளிலும் பாட்டிமார்களும் பிள்ளைகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமையே ஊருக்குள் வந்துவிடுகிறவர்களுக்குத் திறந்த கதவு வழியாக இது கண்ணில் படும். ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் மாலை கட்டுகிறவர்களின் கைவேகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த மேசை அந்நியமாகத் தெரியாது.

எங்கே கெட்டுப்போகும்? மழையைவிடக் காற்று பெரிய எதிரி. மெல்லிய இதழை ஒரே வீச்சு அடுத்த நிறத்துக்குள் தள்ளிவிடும். அதனால்தான் அவ்வப்போது தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருக்கிறார்கள். அளவு மீறித் தெளித்தால் பொடித்த இதழ் கட்டிபிடித்து நிறம் இருளும். மழை வந்தால் மேலே கூடாரம் காக்கும். ஆனால் சரிவான தெருவில் தண்ணீர் தரையோடு வழிந்து கூடாரத்துக்கு அடியில் புகும். விடிந்ததும் கூடாரங்களைக் கழற்றிவிடுவார்கள். அதிலிருந்து நேரம் ஓடத் தொடங்கிவிடும். ஜூன் மாத வெயிலில் உலர்த்தாத இதழ்களின் ஓரம் சுருளும், தாள் இடைவெளியில் தெரியும். காலை 6 மணிக்குப் பார்த்த நிறம் 10 மணிக்கு இருக்காது. நடுவர்கள் காலையிலேயே சுற்றி வந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். காலை 11 மணியளவில் திருப்பலி முடிந்து பவனி புறப்படும். நற்கருணையை வைக்கும் கதிர்ப்பாத்திரத்தை ஏந்திய ஃபோலிஞோ மறைமாவட்ட ஆயர் விதானத்தின் கீழ் கம்பளத்தின் நடுவே நடப்பார். அவர் கடந்த பின் நடுப்பகுதி கலைந்துவிடும். ஓரங்கள் சற்று நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

ஆக, எப்போது போவது? இதில் மலேசியர்களுக்கு ஒரு வசதி உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. கோடையில் இத்தாலி நம்மைவிட 6 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே அதிகாலை 3 மணி என்பது நம் உடம்புக்குக் காலை 9 மணி. வெள்ளிக்கிழமை போய் இறங்கியவர் சனி மாலை 6-லிருந்து 8 வரை கூடாரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்தால், யாரும் எழுப்பாமலே 3 மணிக்கு விழிப்புத் தட்டும். அந்த நேரம்தான் சிறந்தது. முன்னிரவுக் கூட்டம் கலைந்திருக்கும். படங்கள் முக்கால்வாசி முடிந்திருக்கும். வேலை செய்கிறவர்கள் களைத்துப்போய்க் காபியோடு உட்கார்ந்து பேசும் மனநிலையில் இருப்பார்கள். பொழுது 5:30 மணிக்கெல்லாம் புலரும். விளக்கொளி போய் இயற்கை ஒளி வரும் அந்த அரை மணி நேரத்தில் நிறங்கள் மாறுவதைப் பார்ப்பதற்காகவே போகலாம். இரவுக் குளிருக்குத் தடித்த மேலாடை அவசியம். ஜூன்தானே, கோடைதானே என்று டீ-சட்டையோடு போய் நடுங்குகிறவர்கள் நம்மவர்கள்தான்.

ஆனால் 3 மணிக்கு ஊருக்குள் இருக்க வேண்டுமானால் அறை ஊருக்குள் இருக்க வேண்டும். ஸ்பெல்லோ சிறிய ஊர், அந்த வாரக்கடைசி அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் அடுத்த நிலையமான ஃபோலிஞோவில் தங்குங்கள். ரயிலில் 5 நிமிடம். நள்ளிரவுக்குப் பின் ரயில் இருக்காது, ஆகையால் டாக்சியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். அசிசி புகழ்பெற்ற ஊர் என்பதற்காக அங்கே அறை எடுக்கிறார்கள். அசிசி ரயில் நிலையம் பழைய நகரத்தில் இல்லை, கீழே சாந்தா மரியா தெல்லி ஆஞ்செலி பகுதியில் இருக்கிறது. மேலே போக வேறு பேருந்து பிடிக்க வேண்டும். அதிகாலைத் திட்டத்துக்கு அது ஒத்துவராது.

கோலாலம்பூரிலிருந்து தோஹா, துபாய் போன்ற இடங்களில் மாறி ரோமின் ஃபியுமிச்சினோ விமான நிலையம் சேரலாம். மலேசியக் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். நுழைவில் இப்போது கைரேகையும் படமும் எடுக்கிறார்கள், வரிசை நீளலாம். எதியாஸ் எனும் முன்பதிவு அனுமதி 2026 இறுதியில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். புறப்படுமுன் நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து தெர்மினி நிலையத்துக்கு லியோனார்தோ விரைவு ரயில் 32 நிமிடம். தெர்மினியிலிருந்து ஃபோலிஞோவுக்கு வட்டார ரயிலில் ஏறத்தாழ 2 மணி நேரம். சில ரயில்கள் ஸ்பெல்லோவிலும் நிற்கும், இல்லாவிட்டால் ஃபோலிஞோவில் மாறிக்கொள்ளலாம்.

நம் ஆட்கள் அபராதம் கட்டும் இடம் இந்த வட்டார ரயில்தான். நம் ஊர் கொமுட்டர் ரயிலில் ஏற டச் அன் கோ கட்டண அட்டையைத் தட்டினால் கதவு திறக்கும்; தட்டாமல் உள்ளே போகவே முடியாது. இத்தாலியின் சிறு நிலையங்களில் கதவே கிடையாது. தாள் சீட்டு வாங்கியவர் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். கைப்பேசிச் சீட்டானால் ஏறுமுன் செயலியில் ‘செக்-இன்’ செய்ய வேண்டும். பணம் கட்டி வாங்கிய சீட்டுதானே என்று பரிசோதகரிடம் வாதாடிப் பயனில்லை. முத்திரை இல்லாத சீட்டை அவர் பயணத்துக்குரிய சீட்டாகவே ஏற்க மாட்டார்.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம். நம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே தரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை எடுத்துச் செல்லுங்கள். பழைய நகரங்களின் நடுப்பகுதி உள்ளூர் வண்டிகளுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டிருக்கும், வாசலில் கேமரா. தெரியாமல் நுழைந்தால் அபராதம் மாதங்கள் கழித்துக் கார் நிறுவனம் வழியாக மலேசியாவுக்கே வந்து சேரும், நிறுவனத்தின் கையாளும் கட்டணத்தோடு சேர்த்து.

நிலையத்திலிருந்து போர்த்தா கொன்சொலாரே எனும் ரோமானிய வாயில் வரை 10 நிமிட நடை. அதற்குப் பிறகு எல்லாமே ஏற்றம். சக்கரப் பெட்டியைக் கல்தெருவில் இழுப்பது தண்டனை, முதுகுப்பை நல்லது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால், ஏற்றத்தை ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காமல் கீழ்ப்பகுதித் தெருக்களைச் சனி மாலையிலும் மேல்பகுதியை விடிகாலையிலும் பிரித்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தை மறக்க வேண்டாம். ஒரு குறுகிய தெரு முழுக்கப் பூவும் உலர்ந்த பொடியும். காற்றில் அது இல்லாமல் இருக்காது.

கம்பளத்தின் அருகே நடந்துகொள்ளும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சுவரோரம் விடப்பட்டிருக்கும் ஒற்றையடி வழியில்தான் நடக்க முடியும். தோள் பை, துப்பட்டா முனை, குடைநுனி, செல்ஃபிக் குச்சி இவைதான் அதிகம் கெடுப்பவை. குனிந்து படம் எடுக்கும்போது கழுத்தில் தொங்கும் கேமரா இதழைத் துடைத்துவிடும். ஓர் இதழை எடுத்து மோந்து பார்ப்பதும் வேண்டாம். பவனி கடக்கும் முன் யாரும் மிதிப்பதில்லை. கத்தோலிக்கர்களுக்கு அது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. பவனியின்போது படம் எடுக்கலாம், ஆனால் நற்கருணை கடக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பது, நம் இரதம் வரும்போது தேங்காய் உடைப்பவரை விலக்கிவிட்டு முன்னால் நிற்பதைப் போன்றது. ஆலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

சைவர்களுக்கு உணவு சிரமமில்லை, எச்சரிக்கை வேண்டும். ஸ்பெல்லோவின் ஆலிவ் எண்ணெயை வாட்டிய ரொட்டியில் ஊற்றிப் பூண்டு தேய்த்துத் தருவார்கள், அதுவே பசியாற்றும். ‘ரிசினா’ எனும் சிறு வெள்ளை அவரை இவ்வூரின் பெருமை. ஆனால் அவரை சூப்பில் பன்றிக் கொழுப்பு போட்டுத் தாளிக்கும் வழக்கம் உண்டு, ஆகவே இறைச்சி இல்லையே என்று மட்டும் கேட்காமல் கொழுப்பும் இல்லையே என்று கேளுங்கள். திருவிழா இரவில் தெருவில் விற்பது பெரும்பாலும் போர்கெத்தா, அதாவது முழுப் பன்றி வாட்டல். முஸ்லிம் நண்பர்களோடு போகிறவர்கள் கவனிக்க.

ஞாயிறு மதியம் கூட்டம் கலைந்ததும் உறங்கி எழுந்து திங்களன்று ஊரைப் பாருங்கள். சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்தின் பாலியோனி சிற்றாலயத்தில் பிந்துரிக்கியோ 1501-இல் முடித்த சுவரோவியங்கள் இருக்கின்றன. வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் மங்கள வார்த்தைக் காட்சியில் ஓவியர் தன் முகத்தையே ஒரு தொங்கும் படமாக வரைந்து வைத்திருக்கிறார். தரையில் பதித்த, தெருத்தா ஊரில் செய்த மண்ணோடுகள் 1566-ஐச் சேர்ந்தவை. தெருக் கம்பளம் ஒரு காலைக்கு. இந்தத் தரைக்கு நான்கரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. பேரரசர் அகஸ்துஸ் காலத்துப் போர்த்தா வேனெரே வாயிலும் அதன் இரண்டு பன்னிரு பக்கக் கோபுரங்களும் மேற்குப் பக்கம். 2005-இல் தோண்டும்போது வெளிப்பட்ட ரோமானிய மாளிகையின் மொசைக் தரைகளை இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மலர்க் கம்பளத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் ஊரில் உண்டு; திருவிழாவைத் தவறவிட்டவர்கள் ஆறுதலுக்காவது போகலாம்.

கட்டுரையில் ஜென்சானோ, நோத்தோ இரண்டையும் ஸ்பெல்லோவோடு சேர்த்து ஒரே நாள் போல எழுதியிருந்தது. சிசிலியின் நோத்தோவில் மே மாத மூன்றாம் ஞாயிறை ஒட்டி நடப்பது வசந்த விழா, நற்கருணைப் பவனியோடு தொடர்பில்லாதது. ரோமுக்குத் தென்கிழக்கே 30 கிலோமீட்டரில், நேமி ஏரிக் கரையில் உள்ள ஜென்சானோ 1778-லிருந்து பூ விரிக்கும் ஊர். அண்மை ஆண்டுகளில் அங்கே பெருவிழா ஞாயிறுக்கு ஒன்றிரண்டு வாரம் தள்ளியே நடத்துகிறார்கள், ஆகவே இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வாய்ப்பிருக்கிறது. நகராட்சி அறிவிக்கும் தேதியைப் பாருங்கள். ரோமின் அனாஞ்ஞினா மெட்ரோ நிலையத்திலிருந்து கொத்ரால் பேருந்து போகும். அங்கே ஞாயிறு மாலையில் போனாலும் கம்பளம் இருக்கும். திங்கள் மாலைதான் கலைப்பு: ஆலயப் படிக்கட்டிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் கூட்டமாகப் பாய்ந்து ஓடிவந்து பூவையெல்லாம் வாரி இறைப்பார்கள். இத்தாலியில் ஞாயிறு மாலை மட்டுமே ஓய்வாக உள்ள பயணத் திட்டம் எவரிடமாவது இருந்தால், அவரை ஸ்பெல்லோவுக்கு அல்ல, அங்கே அனுப்பும்படி அடுத்த பதிப்பில் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு